படகின் பின்பக்கத்துத் தலைவலி

தலைவலித் தைலத்தின் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்த வாடைதான் என்று ஒரு காலம் இருந்தது. தலையணை உறையில், துண்டில், என் மகளின் பள்ளிக்கூடப் பையில், அவள் சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவந்த டப்பாச் சோற்றில்கூட. கருவாட்டு வாடையைப் பழகிக்கொண்டேன். இந்த ஊருக்கு வாழ வந்தவள், பழகித்தான் ஆக வேண்டும். தைல வாடை மட்டும் பழகவே இல்லை. அது வந்தால் என் பெண் ஏதோ ஒரு மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள் என்று அர்த்தம்.

பழவேற்காடு ஏரிக்குள் ஒரு மணல்திட்டின் மேல் இருக்கிறது எங்கள் ஊர். நான் பிறந்தது திருப்பாலைவனம் பக்கம், நெல் போடுகிற குடும்பம். மீன் பிடிக்கிறவரை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தாண்டி வந்தேன். வந்து இத்தனை வருஷமாகியும் இங்கே நான் "ஏரு புடிச்ச ஊட்டுப் பொண்ணு"தான். எதையாவது கேள்வி கேட்டால் போதும், "உனுக்கு இன்னா தெரியும், நீ சேத்துல நாத்து நட்டவ" என்பார்கள். நான் நாற்று நட்டதே கிடையாது. பி.ஏ. படித்தவள். அதைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

ஊரில் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க அக்கரைக்குப் போக வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற இஞ்சின் படகு என் மூத்தாருடையது, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. விடியற்காலையில் அதே படகில்தான் வலைக்குப் போவார். வந்து மீனை இறக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை விசிறிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுவார். பிள்ளைகள் மீன் செதிலின் மேல் உட்கார்ந்துதான் திருக்குறள் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். அதைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை, எனக்கும் இல்லை.

என் மகளுக்குத் தலைவலி ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒரு நாள். எட்டாவதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது. ஒன்பதாவதில் கேட்கவே வேண்டாம். "கண்ணுக்கு முன்னால பளபளன்னு மின்னுது மா, வெயில்ல ஈர வலையை ஒதறுன மாதிரி" என்பாள். அப்புறம் வலது பக்கம் மட்டும், நெற்றிப் பொட்டிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. வாந்தி எடுப்பாள். இருட்டில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு தட்டு சோறு சாப்பிடுவாள், சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் பேசினார்கள்.

எனக்கு அது புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் இதே வலி வந்திருக்கிறது. நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். அது காய்ந்து பொரிந்து நோட்டின் மேல் உதிரும். பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி, ஐந்தாவது பெஞ்சில் ஒருத்தி என்று தலைவலிக்காரிகள் இன்னும் சில பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். வாத்தியார் எங்களை "நோயாளி கோஷ்டி" என்பார். ஒரு நாளும் என்னம்மா செய்கிறது என்று கேட்டதில்லை. அதனால் என் பெண் தலையைப் பிடித்தபோது நான் ஒரு நிமிஷம்கூட அவளைச் சந்தேகப்படவில்லை. ஊர் சந்தேகப்பட்டது.

"நடிப்புடி அது. படிக்கச் சோம்பேறித்தனம்" என்றாள் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி. "நான் பாக்காத தலைவலியா? எம் பையனும் அதே போட்டுலதான் போறான், அதே பள்ளிக்கூடம்தான் போறான். அவனுக்கு ஏன் வரல?"

டீச்சர், போன் பார்ப்பதால் வருகிறது என்றார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் இவள் நைனாவின் சட்டைப் பையில் ஏரிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சொன்னேன். "அப்போ கண்ணு செக் பண்ணுங்க" என்றார். பண்ணினோம். கண் நன்றாக இருந்தது. "அப்போ மனசுதாம்மா" என்று முடித்துவிட்டார். அப்பாடா, டீச்சருக்கு ஒரு வேலை குறைந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. மாத்திரை சில்லறையாகக் கிடைக்கும். கமர்கட்டு ஒன்று, தலைவலி மாத்திரை ஒன்று என்று வாங்கிக்கொண்டு போகிற பெண்களை என் கண்ணாலேயே பார்த்தேன். கத்திரிக்கோலால் அட்டையை வெட்டிக் கடைக்காரர் கையில் போடுகிறார். பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பெண்கள் தண்ணீர்கூட இல்லாமல் அதை மென்று விழுங்குகிறார்கள். எனக்கு அந்த ஆளின் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது. "இன்னாம்மா மொறைக்கிற? புள்ளைங்களுக்கு ஒடம்பு நோவுது, குடுக்கிறேன்" என்றார். ரொம்பத் தர்மசீலர்.

பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் வகுப்பின் பக்கம் திரும்பிக் கேட்டார், "யாருக்கெல்லாம் அடிக்கடி தலைவலிக்குது? கையத் தூக்குங்க." கைகள் எழும்பின. ஒன்று, இரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக எழும்பின. அக்கரைப் பிள்ளைகளிலும் சிலர் இருந்தார்கள். ஆனால் எங்கள் திட்டிலிருந்து வருகிற பெண்களில் கையைத் தூக்காதவள் ஒருத்திகூட இல்லை. டீச்சர் சிரித்தார். "பாத்தீங்களாம்மா? ஒருத்திக்கு வந்தா எல்லாருக்கும் வந்துடும்." இத்தனை பிள்ளைகளுக்கு மண்டை இடிக்கிறது என்று கண்ணெதிரே தெரிகிறது, அது அவருக்கு வேடிக்கை. எங்கள் ஊர்ப் பையன்கள் பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் மூத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே தம்பியிடம் பேசினார், நான் உள்ளே இருப்பது தெரிந்தே.

"இன்னாடா, பொண்ணுக்குத் தெனமும் இதே பேஜாராக் கீது. போட்டுல வாந்தி எடுக்குது. நான் கழுவிக்கினு கெடக்கிறேன். ஞாயித்துக்கிழமை தலைவலிக்குதா அதுக்கு? இல்ல. லீவுல வலிக்குதா? இல்ல. அப்போ இன்னா அர்த்தம்? படிப்பு ஏறல. ஒம்போதாவது வரைக்கும் படிச்சதே போதும். அரையாண்டு முடிஞ்சா எறா கம்பெனிக்கு அனுப்பு. நாலு பொண்ணுங்களோட குந்தி எறா உரிக்கட்டும், தலைவலி தன்னால போயிடும்."

என் வீட்டுக்காரர் நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அண்ணனுக்கு முன்னால் அவருக்கு முதுகெலும்பு கிடையாது. "சரிண்ணே, பாக்கலாம்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மகள் பாயில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. "நான் படிக்கிறேன் மா, தலைவலிக்குதுன்னு இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு பிள்ளை இப்படியா பேச வேண்டும்?

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு பண்ணினேன். மூத்தார் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னதும் என் மண்டைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வலி அநேகமாக வருவதே இல்லை.

காலையில் பிள்ளைகளோடு அதே படகில் நானும் ஏறினேன். நான் சந்தைக்குப் போவதெல்லாம் மத்தியானத்துத் தோணியில்தான். பள்ளிக்கூட நேரத்தில் இந்தப் படகில் ஏறியது அதுதான் முதல் தடவை.

படகின் முன்மூக்கை இங்கே அணியம் என்பார்கள். அது சாமி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச் சுற்றித்தான் வலைக்கு எடுப்பார்கள். பெண்கள் அதை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது. மிதித்தால் வலையில் மீன் படாது. படகோ கரையில் மூக்கைத்தான் ஏற்றி நிற்கும். பையன்கள் அணியத்தில் கை வைத்து ஒரே தாவாகத் தாவி ஏறிக்கொள்கிறார்கள். பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் நடந்து, சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக ஏற வேண்டும். பள்ளிக்கூட உடுப்பு நனைந்துவிடும். நாள் முழுக்க அந்த உப்பு ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஏறிய பிறகு பையன்களுக்கு முன்பக்கம், பெண்களுக்குப் பின்பக்கம். பின்பக்கத்தில்தான் இஞ்சின்.

பெண்கள் வெயிலில் கறுத்துவிடக் கூடாதாம். அவர்கள் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயைத் தாழக் கட்டியிருந்தார் மூத்தார். நல்ல மனசுதான். இஞ்சினின் புகைக் குழாய் முழ நீளம்கூட இல்லை. படகு நகர்ந்ததும் கிழக்கே கடலிலிருந்து வீசுகிற கொண்டல் காற்று பின்னாலிருந்து தள்ளியது. புகை வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாய்க்கு அடியிலேயே சுருண்டது. டீசல் வாடை, ராத்திரி வலையின் கவிச்சி, ஈரத்துணி, ஒவ்வொரு பெண்ணின் நெற்றியிலிருந்தும் தைலம். இஞ்சின் காதுக்குள்ளேயே இடித்தது. பெண்கள் ஒருத்தியும் பேசவில்லை. துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பையன்கள் காற்றில் சட்டை பறக்க முறுக்குத் தின்றுகொண்டு கூத்தடித்தார்கள்.

பாதி ஏரி தாண்டவில்லை, எனக்குக் கண்ணுக்கு முன்னால் மின்ன ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாக வராமல் இருந்த வலி. வலது பொட்டில் ஒரு இடி. படகு ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தண்ணீரில் வாந்தி எடுத்தேன். என் மகள் என் முதுகைத் தடவினாள். "இப்படித்தான் மா இருக்கும். அக்கரை போயி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கினா முதல் பீரியடு தாண்டிடும்" என்றாள், ஏதோ எனக்கு வழி சொல்கிற மாதிரி. முன்னாலிருந்து ஒரு பையன், "சித்தியும் அவுட்டு!" என்று கத்தினான். அவன் என் ஓரகத்தி மகன். எல்லாரும் சிரித்தார்கள். மூத்தாரும் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகக் கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், மின்னுகிறதா, வாந்தி வருகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குத் தலைவலி ரொம்ப சகஜம்மா. பசி, தூக்கமில்லாதது, தண்ணி குடிக்காதது, கவலை, இப்படி எதுலயும் வரும். இவளுக்கு இருக்கிறது ஒற்றைத் தலைவலி. இதுவும் நிறையப் புள்ளைங்களுக்கு இருக்கு, யாரும் கண்டுக்கிறது இல்ல. அம்மா வழியில வந்திருக்கலாம். புகை, சத்தம், வெயில், வெறும் வயிறு, எல்லாம் அதைக் கிளப்பிவிடும்" என்றார். கடை மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அடிக்கடி விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். வலி தொடங்கும்போதே போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா என்று மகளைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "காலைல இருந்து குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் போவணும். அங்க ஒரே கலீஜு" என்றாள். இத்தனை நாள் எனக்கே தெரியாத சங்கதி இது. சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என் பெண், இவள் மட்டும் இல்லை, எல்லாப் பெண்களும்தான். சீ, என்ன பிழைப்பு இது என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் மூத்தாரிடம் போனேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"மாமா, ஞாயித்துக்கிழமை ஏன் தலைவலிக்கலன்னு கேட்டீங்களே, ஞாயித்துக்கிழமை அது போட்டுல ஏறல மாமா. பொகைதான் காரணம். பொண்ணுங்களை முன்னால குந்த வையுங்க. இல்லன்னா அந்தக் கொழாயை ஒசத்திக் கட்டுங்க."

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இஞ்சின்னா பொகை வரும். எங்க பொம்பளைங்க எல்லாம் அதுலதான் போயி வந்தாங்க, ஒருத்தியும் சாவல. முன்னால குந்த வைக்கணுமா? அணியத்தாண்ட பொட்டச்சி குந்துனா வலை வெறுமனே வரும். எந்தப் பொண்ணு எந்த நாள்ல கீதுன்னு நான் ஒவ்வொருத்தியா கேட்டுக்கினு இருக்கணுமா?"

சுற்றி ஆம்பிளைகள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் இளித்தான். என் மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே ஏதாவது செய்திருப்பேன். பெற்ற தகப்பனுக்கு அண்ணன், தம்பி மகளைப் பற்றி நாலு பேர் நடுவே பேசுகிற பேச்சா இது?

அடுத்த நாள் காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். தண்ணீரில் இறங்கவில்லை. நேராக அணியத்தில் கால் வைத்து ஏறி, அவளையும் தூக்கி ஏற்றி, அதன் மேலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கரையில் ஒரு கூச்சல் எழும்பியது பாருங்கள், சுறா வந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

"எறங்கு" என்றார் மூத்தார். அவர் கையில் இஞ்சின் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி.

"எறங்க மாட்டேன் மாமா."

"எறங்குன்னு சொல்றேன்ல? சாமி மேல குந்திக்கினு இருக்க. அறிவு இல்ல?"

"உங்க பையனுங்க செருப்புக் காலோட ஏறுறானுங்க. இங்க குந்திக்கினுதான் எச்சி துப்புறானுங்க. இங்க நின்னுதான் ஒண்ணுக்கும் போறானுங்க. காக்கா பேண்டுட்டுப் போவுது. நேத்து மத்தியானம் இதே அணியத்துல நாய் படுத்துக்கினு இருந்துச்சே, அதை எந்த நாளுன்னு கேட்டீங்களா?"

கரையில் சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரித்தார்களா, பயந்தார்களா, தெரியவில்லை. என் ஓரகத்தி மண்ணை வாரித் தூற்றினாள். மகள் என் கையை நெரித்தபடி, "மா, போதும் மா, எறங்கிடலாம்" என்றாள். நான் இறங்கவில்லை. மூத்தார் கைப்பிடியைத் தண்ணீரோரம் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் படகு எடுக்கவில்லை. ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. பொம்பளைகள் நடுவே போகக் கூடாது. நாங்கள் மதில் ஓரம் நின்றுகொண்டிருந்தோம். பெரியவர்கள் சுற்றிச் சுற்றி என் பிறந்த ஊரையே பேசினார்கள். ஏர் பிடிக்கிறவர்களுக்கு ஏரி தெரியுமா, அணியம் தெரியுமா என்று. என் பெண்ணின் தலையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"எம் பொண்ணு இனிமே பின்னால குந்தாது" என்றார். "அண்ணனுக்கு இஷ்டம் இல்லன்னா நான் என் தோணியில ஏத்திக்கினு போறேன். ஊர்ப் பொண்ணுங்க யாரு வந்தாலும் ஏத்திக்கினு போறேன்."

அண்ணன் தம்பி பிரிந்தால் ஊர் இரண்டாகும், அது பெரியவர்களுக்குப் பயம். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. அணியத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதன் மேல் இனி யாருமே உட்காரக் கூடாது. பெண்கள் பக்கவாட்டில் ஏறி, அணியத்தில் கால் படாமல் முன்பலகையில் உட்காரலாம். பையன்கள் பின்னால் போக வேண்டும். "ஆம்பளைப் புள்ளைங்க, தாங்குவானுங்க. இதுங்க மாதிரி மூக்கால அழ மாட்டானுங்க" என்றார் ஒரு பெரியவர். மூத்தார் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "அரையாண்டு வரைக்கும் பாப்போம். தலைவலி நின்னா படிக்கட்டும். நிக்கலன்னா அப்புறம் பொகைன்னு எவளும் பேசக் கூடாது. நேரா எறா கம்பெனி."

டாக்டரம்மா, இது சுத்தமாக நிற்கிற வலி இல்லை, குறையும் என்றுதான் சொல்லியிருந்தார். என் பெண்ணின் படிப்பை அவள் நெற்றிப் பொட்டின் மேல் பந்தயம் கட்டிவிட்டார்கள்.

முன்பலகைக்குப் போனதும் மற்றப் பெண்கள் தெளிந்துவிட்டார்கள். அது உடனேயே தெரிந்தது. படகில் அவர்கள் பேசுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. தைல வாடை குறைந்தது. என் மகளுக்கும் குறைந்தது. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் படகிலிருந்து இறங்கியவள் வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்து வந்தாள். கரையில் ஓரகத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் வாந்தி எடுத்தாள். முந்தானையை ஏந்திப் பிடித்துக்கொண்டேன், வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று. இப்படி ஒளிக்கிற நோயா இது? களவாடிவிட்டு வந்தவள் மாதிரி ஒரு குழந்தை தன் தலைவலியை மறைக்கிறது. ஊர் மேல் காறித் துப்பலாம் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொண்டல் காற்று பலமாக வீச ஆரம்பித்தது.

பரீட்சை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம், என் ஓரகத்தி தலைவிரி கோலமாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு கையில் மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முறுக்குத் தின்றுகொண்டு "சித்தியும் அவுட்டு" என்று கத்தினவன், வாயோரம் வாந்தி ஒழுக, இரண்டு கையாலும் தலையை அமுக்கிக்கொண்டு வந்தான்.

"அடியே, எம் புள்ளைக்கு மண்டை வெடிக்குதாம்டி! மூணு நாளா இப்படித்தான் கீறான். எல்லாப் பசங்களுக்கும் இப்படித்தானாம். டாக்டரம்மா குடுத்த மாத்திரையை ஒண்ணு குடுடி."

"நடிக்கிறானா பாருங்க அக்கா" என்றேன். "படிக்கச் சோம்பேறித்தனமா இருக்கும்."

அடுத்தவர் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அதற்கப்புறம் சொன்னேன். அதற்குள் என் மகள் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். தன் தலையணையைப் போட்டாள். ஈரத்துணியைப் பிழிந்து அவன் கண் மேல் வைத்தாள். "பேசாத. அசையாத. வாந்தி வந்தா என் கையத் தட்டு, போதும்" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் அவள் கையை விடவே இல்லை. ஓரகத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கரைக்குப் போனால் படகில் இஞ்சினின் புகைக் குழாய் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. முந்தின நாள் ராத்திரியே மூத்தார் அக்கரைக்குப் போய் வெல்டிங் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். தார்ப்பாயை அவிழ்த்து எறிந்துவிட்டார். இஞ்சினைச் சுற்றிச் சத்தம் குறையப் பலகைகூட அடித்தாகிவிட்டது. எத்தனை வருஷமாக எத்தனை பெண்கள் அந்தப் புகையில் உட்கார்ந்து போனார்கள், எத்தனை பேர் தலைவலி தாங்காமல் பாதியில் நின்று இறால் உரிக்கப் போனார்கள். பையன்களுக்கு வலி வந்தது, ஒரே பொழுதில் குழாய் உயர்ந்துவிட்டது.

மூத்தார் அணியத்தில் பூச் சுற்றிக்கொண்டே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். "பொகையில புள்ளைங்க கஷ்டப்படுதுன்னு தெரிஞ்சதும் மனசு கேக்கல. நான்தான் ஒடனே கொழாயை ஒசத்திட்டேன். நாம பெத்த புள்ளைங்க, நாமதான பாக்கணும்?"

ஏறப் போன என் மகள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்போ இத்தினி வருசமா பின்னால குந்தி வந்தமே பெரிப்பா, நாங்க யாரு பெத்த புள்ளைங்க?"

அவர் மிச்சப் பூவை அணியத்தின் மேல் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். இரும்புக் கைப்பிடியை எடுத்து இஞ்சினைச் சுற்றினார். அவள் ஏறி முன்பலகையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஊரே பார்க்க மடக் மடக்கென்று குடித்தாள்.